டெர்மினலில் கைவேகம்: மென்பொருள் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெர்மினலைத் திறந்து அடைவு மாறவும் கோப்புகளைப் பட்டியலிடவும் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக எழுதியது இது. லினக்ஸ், மேக் இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸில், அதற்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் நிறுவியிருந்தால் அங்கும் பயன்படும். கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது சிறிய ஆங்கில எழுத்துகளில் அடிக்கவும்.

நூற்றுக்கணக்கான குறுக்குவழிகள் கொண்ட பட்டியல்கள் கிடைக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?

பட்டியலை மூடிவைத்துவிட்டு உங்கள் கட்டளை வரலாற்றைத் திறந்து பாருங்கள். நீங்கள் அடித்த கட்டளைகளை, அவற்றை வாங்கி இயக்கும் ஷெல் என்ற நிரல் பதிந்து வைக்கிறது. ஹிஸ்டரி என்று அடித்தால் அவை வரிசையாக வரும். அதை, வரிகளைப் பத்திகளாகப் பிரிக்கும் ஆக் நிரலுக்குக் கொடுத்து இரண்டாவது பத்தியை (நெடுவரிசையை) மட்டும் எடுங்கள். பிறகு சார்ட், யூனிக் -சி, சார்ட் -ஆர்என், ஹெட் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக | என்ற குழாய்க்குறியால் இணையுங்கள். நீங்கள் மிக அதிகமாக அடிக்கும் பத்துக் கட்டளைகள் எண்ணிக்கையோடு வந்துவிடும். மூன்றாவது பத்தியையும் சேர்த்து எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: கிட் ஸ்டேட்டஸ், டாக்கர் கம்போஸ், என்பிஎம் ரன் என்று உங்கள் நாள் எதில் கழிகிறது என்பது அதில் இருக்கிறது.

அந்தப் பத்தில் முதல் மூன்றுக்குச் சுருக்கம் வையுங்கள். இப்போதைக்கு அவ்வளவு போதும். மற்றவர் தயாரித்த பட்டியல் மற்றவர் வேலைக்குப் பொருந்தியது. வாரம் ஒருமுறைகூடத் தேவைப்படாத சுருக்கத்தை மனப்பாடம் செய்வது வீண். தேவைப்படும் அன்று அது நினைவுக்கு வராது.

ஒரே ஒரு விசைச்சேர்க்கை மட்டும் கற்க நேரம் இருக்கிறது. எதைக் கற்கலாம்?

கன்ட்ரோல்-ஆர். அதை அழுத்திவிட்டு, முன்பு எப்போதோ அடித்த கட்டளையில் நினைவிருக்கும் ஏதாவது ஒரு துண்டை அடியுங்கள். அந்தத் துண்டு வரும் கடைசிக் கட்டளை திரையில் தோன்றும். அது நீங்கள் தேடியது இல்லையென்றால் மீண்டும் கன்ட்ரோல்-ஆர் அழுத்துங்கள், அதற்கு முந்தையது வரும். மேல் அம்புக்குறியை நாற்பது முறை தட்டும் வேலை இதோடு முடிந்தது.

இது நன்றாக வேலை செய்ய வரலாறு நீளமாக இருக்க வேண்டும். லினக்ஸில் பரவலாக உள்ள ஷெல்லான பாஷ் தானாக வைத்துக்கொள்வது 500 வரிகள்தான். உபுண்டு அதை 1000 ஆக்கித் தருகிறது. இரண்டுமே குறைவு. பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் இரண்டையும் பெரிய எழுத்துகளில் எழுதி, ஒரு லட்சம் என்று கொடுங்கள். இன்றைய வட்டுகளில் அது பொருட்படுத்தத் தக்க இடமே இல்லை. பல டெர்மினல்களைத் திறந்து வேலை செய்பவர் ஹிஸ்ட்அப்பெண்ட் என்ற தேர்வையும் இயக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் கடைசியாக மூடும் டெர்மினல், மற்றவற்றின் வரலாற்றை மேலெழுதி அழித்துவிடும்.

இதற்கும் மேலே போக விரும்பினால் எஃப்இசட்எஃப் என்ற தேடல் கருவியை நிறுவுங்கள். கொரியாவின் ஜுனெகன் சோய் 2013-இல் தொடங்கிய திட்டம் இது. கன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் பொருந்தும் கட்டளைகள் எல்லாம் ஒரே பார்வையில் வரும். எழுத்துகள் அடுத்தடுத்து இல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடும்.

நீளமான கட்டளையின் நடுவில் பிழை இருந்தால் அம்புக்குறியால் நகர்ந்துதான் திருத்த வேண்டுமா?

வேண்டாம். கன்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கத்துக்கும் கன்ட்ரோல்-இ முடிவுக்கும் கொண்டுபோகும். கன்ட்ரோல்-டபிள்யூ முந்தைய சொல்லை அழிக்கும். கன்ட்ரோல்-கே இருக்கும் இடத்திலிருந்து கடைசிவரை வெட்டும். கன்ட்ரோல்-யு பாஷில் தொடக்கம்வரை வெட்டும், மேக்கின் இயல்பான ஷெல்லான இசட்ஷெல்லில் முழு வரியையும் வெட்டும். வெட்டியதைக் கன்ட்ரோல்-ஒய் திரும்ப ஒட்டும். பாதிக் கட்டளை அடித்த பிறகு வேறொன்றை முதலில் செய்திருக்க வேண்டும் என்று தோன்றினால், வெட்டிவிட்டு அந்த வேலையை முடித்து, பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

ஆல்ட்-புள்ளி, முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லைக் கொண்டுவந்து வைக்கும். எம்கேடிர் கொடுத்து ஒரு நீண்ட அடைவை உருவாக்கினீர்கள் என்றால், அடுத்து சிடி அடித்து ஆல்ட்-புள்ளி. முடிந்தது. மேக்கில் ஆல்ட் விசை வேலை செய்யாவிட்டால் எஸ்கேப் விசையைத் தட்டி விட்டுப் பிறகு புள்ளியைத் தட்டுங்கள்.

பாஷில் இவற்றுக்குப் பின்னால் இருப்பது ரீட்லைன் என்ற நிரலகம். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் பிஎஸ்கியூஎல், பைத்தானின் உரையாடல் முகப்பு போன்றவையும் அதையோ அதை ஒத்ததையோ பயன்படுத்துவதால், இங்கே பழகிய விரல் அங்கேயும் பயன்படும். டெர்மினலில் முதலில் கற்க வேண்டியவை இந்த விசைகள்தாம் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

மிக நீண்ட கட்டளை என்றால் கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-இ இரண்டையும் அடுத்தடுத்து அழுத்துங்கள். அந்த வரி உங்கள் எடிட்டரில் திறக்கும். சேமித்து வெளியே வந்ததும் பாஷ் அதை இயக்கும். இயக்க விருப்பமில்லை என்றால் எடிட்டரில் வரியை முழுவதும் அழித்துச் சேமித்துவிட்டு வெளியேறுங்கள்.

திடீரென்று திரை உறைந்துவிடுகிறது. எதை அடித்தாலும் எழுத்து தோன்றவில்லை.

கை தவறிக் கன்ட்ரோல்-எஸ் அழுத்தியிருப்பீர்கள். தொலை அச்சு (டெலிடைப்) இயந்திரங்களின் காலத்தில் வெளியீட்டை நிறுத்திவைக்க ஏற்பட்ட குறி அது. கன்ட்ரோல்-கியூ அழுத்தினால் உயிர் வரும். இனி நடக்கவே கூடாது என்றால் எஸ்டிடிஒய் -ஐக்ஸ்ஆன் என்ற வரியைப் பாஷ்ஆர்சியில் சேர்த்துவிடுங்கள்.

அலியாஸ், ஃபங்ஷன், ஸ்கிரிப்ட்: எதை எப்போது எழுத வேண்டும்?

ஒரு நீண்ட சொல்லுக்குப் பதில் குட்டிச் சொல் வேண்டும், அவ்வளவுதான் என்றால் அலியாஸ். கட்டளையின் நடுவில் ஏதாவது மதிப்பைச் செருக வேண்டுமென்றால் அலியாஸால் முடியாது, ஃபங்ஷன் எழுத வேண்டும். பிறரும் பயன்படுத்துவார்கள், அல்லது திரையின் பாதியைத் தாண்டி நீள்கிறது என்றால் தனிக் கோப்பில் ஸ்கிரிப்டாக எழுதித் திட்டத்தின் களஞ்சியத்திலேயே வையுங்கள்.

இதில் பலரைக் குழப்பும் இடம் ஒன்று உண்டு. ஸ்கிரிப்டுக்குள் சிடி கொடுக்கிறார்கள், ஸ்கிரிப்ட் முடிந்ததும் பார்த்தால் பழைய அடைவிலேயே நிற்கிறார்கள். ஸ்கிரிப்ட் தனக்கென்று ஒரு புதிய ஷெல்லில் ஓடுகிறது. அங்கே அடைவு மாறியது உண்மை. ஆனால் அந்த ஷெல் முடிந்தவுடன் மாற்றமும் அதோடு போய்விடுகிறது. ஃபங்ஷனோ உங்கள் ஷெல்லுக்குள்ளேயே ஓடும். ஆகவே "அடைவை உருவாக்கு, உடனே அதற்குள் போ" என்பதை ஃபங்ஷனாகத்தான் எழுத வேண்டும்: எம்கேடிர் -பி "$1" && சிடி "$1". நடுவில் இருக்கும் && முக்கியமானது; முதல் கட்டளை வென்றால் மட்டுமே இரண்டாவது ஓடும்.

கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையை, கேட்டு அழிக்கும் ஆர்எம் -ஐ (ஆங்கில i) என்று அலியாஸ் செய்து வைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் கணினியில் அது கேட்கும் என்று விரல் பழகிவிடும். பிறகு அந்த அலியாஸ் இல்லாத சர்வரில் நுழைவீர்கள், அது கேட்காது. பாதுகாப்பான வடிவம் வேண்டுமென்றால் அதற்கு வேறு பெயர் வையுங்கள்.

குழாய்க்குறி பற்றி எல்லோரும் இவ்வளவு பெருமையாகப் பேசுவது ஏன்?

பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்த யோசனை அது. 1973-இல் கென் தாம்ப்சன் அதை யூனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்த்தார். ஒரு நிரலின் வெளியீடு நேரே அடுத்ததன் உள்ளீடாகிறது. அதுவரை தனித்தனியாக இருந்த சிறு நிரல்கள் அதன்பிறகு ஒன்றோடொன்று சேரத் தொடங்கின.

1986-இல் ஜான் பென்ட்லி, தாம் ஒரு கணினி இதழில் எழுதிவந்த பத்திக்காகக் கணினி அறிஞர் டொனால்ட் குனூத்திடம் ஒரு கணக்கைக் கொடுத்தார்: ஒரு உரையில் அதிகமாக வரும் சொற்களை எண்ணிக்கையோடு அச்சிட வேண்டும். குனூத் பாஸ்கலில் பல பக்கங்களுக்கு அழகான நிரலை எழுதினார். அதை விமர்சிக்க அழைக்கப்பட்ட மெக்கில்ராய், அதே வேலையை ஆறு கட்டளைகள் கொண்ட ஒரு குழாய்த்தொடரால் செய்து காட்டினார். குனூத்திடம் கேட்கப்பட்டது இலக்கிய நடையில் நிரல் எழுதும் முறையைக் காட்டும்படிதான். ஆகவே இருவரையும் போட்டியாளர்களாக நிறுத்துவது நியாயமில்லை. ஆனாலும் அந்த ஆறு கட்டளைகள் இன்றும் எந்த லினக்ஸ் கணினியிலும் ஓடும்.

நடைமுறையில் இது எப்படி உதவும் என்று பாருங்கள். சர்வர் திணறுகிறது, எந்த முகவரியிலிருந்து கோரிக்கைகள் குவிகின்றன என்று தெரிய வேண்டும். இணைய சர்வரின் அணுகல் பதிவில் வழக்கமாக முதல் பத்தி ஐபி முகவரி. ஆக்கால் அதை எடுக்கிறோம். சார்ட் ஒரே முகவரிகளை அடுத்தடுத்து கொண்டுவருகிறது. யூனிக் -சி அவற்றை எண்ணுகிறது. சார்ட் -ஆர்என் பெரிய எண்ணை மேலே ஏற்றுகிறது. ஹெட் முதல் பத்தைக் காட்டுகிறது. முதல் சார்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: யூனிக் பக்கத்துப் பக்கத்து வரிகளை மட்டுமே ஒப்பிடும். அடுக்காமல் கொடுத்தால் ஒரே முகவரி பத்து இடங்களில் பத்து வேறு எண்ணிக்கையோடு வரும். அதைப் பார்த்து எடுக்கும் முடிவும் தவறாகவே இருக்கும்.

ஒவ்வொரு | குறிக்குப் பிறகும் நிறுத்தி, ஹெட் சேர்த்து, என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் சேருங்கள். அனுபவசாலிகள் நீண்ட தொடர்களைக் கட்டுவது இப்படித்தான். ஒரே மூச்சில் யாரும் எழுதுவதில்லை.

ஷெல் ஸ்கிரிப்டின் தலையில் செட் -இயுஓ பைப்ஃபெயில் என்று எழுதுகிறார்களே, அது கட்டாயமா?

கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். -இ இருந்தால் ஒரு கட்டளை தோற்றவுடன் ஸ்கிரிப்ட் நிற்கும். -யு இருந்தால் அறிவிக்கப்படாத மாறியைப் பயன்படுத்தும்போது நிற்கும். பைப்ஃபெயில் இருந்தால் குழாய்த்தொடரின் நடுவில் நேர்ந்த தோல்வியும் வெளியே தெரியும். இவை இல்லாத பாஷ், தோற்ற வரியைக் கடந்து அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அதன் விளைவை 2015 ஜனவரியில் ஸ்டீம் விளையாட்டு நிரலின் லினக்ஸ் பதிப்பில் பார்த்தோம். அதன் தொடக்க ஸ்கிரிப்டில், தான் இருக்கும் அடைவைக் கண்டுபிடித்து ஒரு மாறியில் வைக்கும் வரி இருந்தது. பின்னால் ஓரிடத்தில், அந்த மாறியின் மதிப்போடு ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் சேர்த்து எல்லாவற்றையும் அழிக்கும் ஆர்எம் -ஆர்எஃப் வரி இருந்தது. அடைவை மாற்றிவைத்த ஒரு பயனரின் கணினியில் முதல் வரி தோற்று, மாறி வெறுமையாக நின்றது. மிஞ்சியது சாய்கோடும் நட்சத்திரமும் மட்டும், அதாவது வட்டின் வேர் அடைவில் உள்ள அனைத்தும். அவருக்கு அழிக்க உரிமையிருந்த கோப்புகள் எல்லாம் போயின. இணைத்திருந்த வெளி வட்டும் தப்பவில்லை. அந்த ஆபத்தான வரிக்கு மேலே "பயமாக இருக்கிறது" என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருந்தது. எழுதியவருக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது. தடுப்பு மட்டும் இல்லை.

கவனிக்க வேண்டிய நுணுக்கம்: இங்கே -யு மட்டும் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்காது. மாறி அறிவிக்கப்பட்டே இருந்தது, மதிப்புதான் வெறுமை. -இ காப்பாற்றியிருக்கும். அதைவிட உறுதியானது, அழிக்கும் வரியிலேயே மாறியின் பெயருக்குப் பின்னால், நெளிவு அடைப்புக்குள், :? என்று சேர்ப்பது. மாறி இல்லாவிட்டாலும் வெறுமையாக இருந்தாலும் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அழிக்கும் வரி எதுவாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

-இ எல்லா இடத்திலும் கைகொடுக்காது. இஃப் நிபந்தனைக்குள்ளும், || குறிக்கு இடப்பக்கத்திலும் நேரும் தோல்வியை அது பொருட்படுத்தாது. ஆகவே ஷெல்செக் என்ற இலவசக் கருவியை எடிட்டரோடு இணைத்துவிடுங்கள். மேற்கோள் குறி விட்டுப்போன மாறிகளைப் பெரும்பாலும் அது சுட்டிக்காட்டிவிடும். "மாத அறிக்கை" என்று இடைவெளியோடு பெயர் வைத்த கோப்பு, மேற்கோள் இல்லாத மாறியில் இரண்டு கோப்புகளாகப் பிளந்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

எந்த சர்வரில் இருக்கிறேன் என்பதே சில சமயம் குழம்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?

கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் தோன்றும் ப்ராம்ப்டின் நிறத்தை மாற்றுங்கள். பயனர்களுக்காக ஓடும் உற்பத்தி சர்வர்களில் சிவப்பு, சோதனை சர்வர்களில் பச்சை, கூடவே கணினியின் பெயர். இது அற்ப விஷயமில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் நகல் தரவுத்தளத்தின் அடைவை அழிப்பதாக எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் அடைவை அழித்தார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி அளவே மிஞ்சியது. வழக்கமான காப்புநகல்களும் கைகொடுக்காததால் ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு திரும்பக் கிடைக்கவில்லை. நிறுவனம் அதை மறைக்காமல் மீட்புப் பணியை நேரலையில் காட்டி, விரிவான அறிக்கையும் வெளியிட்டது. தொழிலுக்கு அவர்கள் செய்த பெரிய உதவி என்று அதைக் கருதுகிறேன்.

சர்வரில் ஓடும் நீண்ட வேலை, இணைப்பு அறுந்தால் நின்றுவிடுகிறதே?

இணைப்பு போனாலும் அமர்வைத் தக்கவைக்கும் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் ஓடவிடுங்கள். கன்ட்ரோல்-பி, பிறகு டி அழுத்தினால் விலகிவிடலாம், வேலை ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி நுழைந்து டிமக்ஸ் அட்டாச் கொடுத்தால் விட்ட இடத்தில் நிற்பீர்கள்.

3000-ஆம் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வருகிறது.

எல்எஸ்ஓஎஃப் -ஐ :3000 என்று அடித்தால் அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கும் செயலின் எண் தெரியும். அந்த எண்ணைக் கில் கட்டளைக்குக் கொடுங்கள். எடுத்தவுடன் கில் -9 வேண்டாம். கோப்புகளை மூடவும் பூட்டுகளை விடுவிக்கவும் செயலுக்கு அது அவகாசம் தராது.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் எந்தக் குறுக்குவழிகள் உண்மையில் பயன்படும்?

கிட் ஸ்விட்ச் என்பதோடு ஒரு சிறுகோடு (-) சேர்த்து அடித்தால் முந்தைய கிளைக்குத் திரும்பும். சிடியோடு அதே கோட்டைச் சேர்த்தால் முந்தைய அடைவுக்குத் திரும்புவதைப் போல. கிட் ரெஃப்லாக், தொலைந்துவிட்டதாக நினைக்கும் கமிட்டை, அதாவது பதிந்த மாற்றத்தை, மீட்க உதவும். தவறான ரீசெட்டுக்குப் பிறகு பதறாமல் முதலில் அதைப் பாருங்கள். எந்தக் கிளையிலும் எட்டாத பதிவுகளைக்கூட 30 நாள் வைத்திருப்பது அதன் இயல்பு.

எனக்கு மிகவும் பிடித்தது கிட் பைசெக்ட். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, நடுவில் ஆயிரம் கமிட்டுகள் என்றால், பத்துச் சோதனைகளில் குற்றவாளி கமிட் அகப்பட்டுவிடும், ஒவ்வொரு முறையும் பாதியாகப் பிளப்பதால். பைசெக்ட் ரன் என்று கொடுத்து ஒரு சிறு ஸ்கிரிப்டையும் சேர்த்தால் நீங்கள் அருகில் இருக்கக்கூட வேண்டாம். ஸ்கிரிப்ட் 0 திருப்பித் தந்தால் அந்தக் கமிட் நல்லது. 1 முதல் 127 வரை எதுவானாலும் கெட்டது. 125 மட்டும் "இதைச் சோதிக்க முடியவில்லை, தாண்டிப் போ" என்று பொருள்படும். பில்டே ஆகாத கமிட்டுகளுக்கு அந்த 125 மிகவும் உதவும்.

லினக்ஸில் ஓடும் ஸ்கிரிப்ட் மேக்கில் ஏன் ஓடுவதில்லை?

பெரும்பாலும், கோப்பில் உள்ள உரையை அங்கேயே மாற்றும் ஸெட் -ஐ கட்டளைதான் காரணம். மேக்கின் ஸெட், காப்புக் கோப்பின் பின்னொட்டைத் தனியாகக் கேட்கும். வேண்டாம் என்றால் உள்ளே எதுவும் இல்லாத மேற்கோள் குறிகளாவது கொடுக்க வேண்டும். இன்னொன்று: மேக்கோடு வரும் பாஷ் 3.2 பதிப்பிலேயே நிற்கிறது; நான்காம் பதிப்பில் வந்த பெயர்வழி அணிகள் (அசோசியேட்டிவ் அரே) அதில் இல்லை. 2019-இல் வந்த கேட்டலினா முதல் மேக்கின் இயல்பான ஷெல் இசட்ஷெல்.

இணையத்திலோ செயற்கை நுண்ணறிவுக் கருவியிடமோ கிடைத்த ஒரு வரிக் கட்டளையை அப்படியே ஒட்டலாமா?

நிர்வாகி உரிமையோடு இயக்கும் சூடோ இருந்தாலோ, இணையத்திலிருந்து பதிவிறக்கும் கர்ல் கட்டளையின் வெளியீட்டை நேரே ஷெல்லுக்குள் செலுத்தினாலோ ஒட்டாதீர்கள். முதலில் கோப்பாகப் பதிவிறக்கிப் படியுங்கள், பிறகு இயக்குங்கள். தெரியாத தேர்வு எதுவானாலும் மேன் என்ற கையேட்டுப் பக்கத்தில் பாருங்கள். கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதும் பழக்கமும் வேண்டாம். அது வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள் கிட்டில் எண்களாகத் தெரிகின்றன. எழுத்துகளை எண்ணினாலும் தவறாக வருகிறது.

த-வில் தொடங்கும் கோப்புப் பெயரைக் கிட் ஸ்டேட்டஸ் \340\256\244 என்று தொடங்கிக் காட்டும். அது சிதைவு இல்லை. யுடிஎஃப்-8 முறையில் த-வுக்குரிய மூன்று பைட்டுகளின் எட்டடிமான (ஆக்டல்) வடிவம். கிட் கான்ஃபிக்கில் கோர்.க்வோட்பாத் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் பெயர் தமிழிலேயே தெரியும்.

எண்ணிக்கைக்கு வருவோம். "தமிழ்" என்பதை பிரின்ட்எஃப் மூலம் டபிள்யூசி -சிக்குக் கொடுத்தால் 15 வரும், அது பைட்டுகள். -எம் கொடுத்தால் 5 வரும், அது யூனிகோடு குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்குத் தெரியும் எழுத்து 3. அந்த மூன்றைப் பெற, லினக்ஸில் கிரெப்புக்குச் சிறிய ஓ, பெரிய பி இரண்டு தேர்வுகளையும் கொடுத்து, பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் கொண்ட வடிவத்தைத் தேடி, வரும் வரிகளை எண்ண வேண்டும். க்ஷ, ஸ்ரீ போன்றவை இரண்டாக எண்ணப்படும். டாக்கர் கொள்கலன்களில் -எம் கொடுத்தும் 15 வந்தால், மொழிச்சூழல் (லொகேல்) அமைக்கப்படவில்லை என்று அறியுங்கள். லேங் மாறியை சி.யுடிஎஃப்-8 ஆக்குங்கள்.

அகர வரிசைக்கு அந்த அமைப்பு போதாது. யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்தே ன இருக்கிறது, ல-வுக்கு முன்பே ற வந்துவிடுகிறது. குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கும் சார்ட் அந்த வரிசையையே தரும். பெயர்ப் பட்டியலோ அகராதியோ தயாரிப்பவர்கள் லினக்ஸில் தமிழ் மொழிச்சூழலை நிறுவி, அந்த ஒரு சார்ட் கட்டளைக்கு மட்டும் எல்சி_ஆல் மாறியை அதற்கு மாற்றி இயக்கிப் பாருங்கள். ற-வும் ன-வும் வரிசையின் கடைசியில் வந்து சேர்கின்றனவா என்று சோதித்துவிட்டு முழுப் பட்டியலையும் கொடுங்கள்.